அறுபதில் ஒரு ஊளை

செஸ்ஃபொண்டெய்ன் தாண்டிப் பத்தாவது கிலோமீட்டரில்
ஹில்டெகார்ட் ரேடியோவை அணைத்தாள்.
"கேட்குதா?"
கேட்கவில்லை என்றேன்.
பின்னால் பதினோரு ஆடுகள்.
அவற்றில் ஒன்றுகூடப் பொய் சொல்லவில்லை,
எல்லாமே காதைத் தரைப்பக்கம் திருப்பியிருந்தன.

அறுபதுக்கு மேல் ஒரு ஊளை.
மிதித்தால் அடங்கும்,
காலை எடுத்தால் எழும்.

லேண்ட் குரூசர் எங்களுக்குப் பாதிப் பாதி.
தன் பாதியில் இன்ஜினும்
என் பாதியில் ஹாரனும் இருப்பதாக
ஓபுவோ சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

"டயராக இருக்கும்" என்றேன்.
அலையலையாய்க் கிடந்த சரளையை விட்டு
இறுகிய களிமண்ணில் ஓட்டச் சொன்னாள்.
டயர் இல்லை.
நியூட்ரலில் தள்ளி உருளவிட்டாள்.
இன்ஜின் இல்லை.
இடமும் வலமுமாகப் பாம்புபோல் வளைக்கச் சொன்னாள்,
ஊளை ஒரு இழைகூட மாறவில்லை.
சக்கரத்து பேரிங்கும் இல்லை.
ஒவ்வொரு இல்லையும் ஒரு கதவைச் சாத்தியது.
நான் எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன் என்று
எனக்கு மட்டும் தெரியும்.

"முன் ஷாஃப்ட்தான், சந்தேகமே வேண்டாம்."
கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டேன்.
மொபானே மர நிழல் என்று பேர்,
இலையெல்லாம் வெயிலுக்கு ஓரம் காட்டி நின்றது.
எட்டு நட்டு.
இத்தனை சுறுசுறுப்பை என்னிடம் யாரும் பார்த்ததில்லை.
இணைப்பின் சிலுவை உண்மையிலேயே வறண்டு கிடந்தது,
ஆட்டினால் கடகடவென்றது.
"பார்!" என்று அவள் மூக்குக்கு நேரே ஆட்டினேன்.
ஷாஃப்டைக் கூரைமேல் கட்டினோம்.

ஓட்டினால், இதுவரை நாங்கள் கணக்கில் சேர்க்காத
ஒரு சலசலப்பு போயிருந்தது.
வாயாடி விருந்தாளி எழுந்துபோனதும்
அடுத்த அறை அழுகை கேட்குமே,
அப்படிக் கேட்டது ஊளை.
பின்னாலிருந்து.
நடுவிலிருந்து.

ஹில்டெகார்ட் தலைப்பாகையைக் கழற்றினாள்,
மாட்டுக் கொம்பாய் இருபுறமும் நீண்ட நீலத் துணி.
ஓட்டுநர் இருக்கையில் நிமிர்த்தி வைத்தாள்.
அவள் வண்டிக்கடியில் போன நேரமெல்லாம்
அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் மூச்சுக்குழாயை உருவி ஊதினாள்.
காற்று போகவில்லை.
காய்ந்த சேற்றுக் கட்டி ஒன்று, அடைப்பானைப் போல.
அப்புறம் டிஃபரன்ஷியலின் அடி போல்ட்டைத் திருகினாள்.

வந்த எண்ணெய் கறுப்பில்லை, பொன்னில்லை.
பால் தாராளமாய் விட்ட தேநீர்.
போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் விழுது,
அதன்மேல் மீன்செதிள்போல் ஒரே ஒரு பொருக்கு.
அதை நகத்தில் எடுத்து
வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சூட்டோடு ஆற்றில் இறங்கும் இரும்பு
சட்டென்று குளிர்ந்து மூச்சிழுக்கும்.
மூக்கு அடைத்திருந்தால்
கிடைத்த இடுக்கு வழியே ஆற்றையே குடிக்கும்.
இது எனக்கும் தெரியும்.
மார்ச்சில் தெரிந்துகொண்டேன்.

"பூரோஸ் பக்கம் ஆறு வந்திருந்ததே,
சுற்றிப் போனேன் என்றாய்."
"..."
"எவ்வளவு ஆழம்?"
முழங்காலைக் காட்டினேன்.
அவள் எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
கை தொடைக்கு ஏறியது.
ஒரு ஆடு செருமியது.
கை பெல்ட்டுக்குப் போய் நின்றது.

திட்டுவாள் என்று நின்றேன்.
மணலில் குச்சியால் கணக்குப் போட்டாள்,
பேரிங், பினியன், கூலி, இரண்டு வாரச் சும்மா.
பிறகு ஆடுகளைப் பார்த்தாள்.
என் பாதியிலிருந்து நான்கு
கண்ணாலேயே இந்தப் பக்கம் வந்துவிட்டன,
அந்தக் கருங்காது கிடாவும் சேர்த்து.

இருந்த இரண்டு லிட்டரை ஊற்றினோம்.
மூன்று வேண்டும்.
"ஓபுவோ வரைக்கும் நாற்பது.
காலைப் பட்டென்று எடுக்காதே."

கணவாய் இறக்கத்தில் எடுக்கத்தான் வேண்டியிருந்தது.
நாற்பதிலேயே எழுந்தது.
அவள் ரேடியோவைத் தொடவில்லை.
"கேட்குதா?"

கேட்குது என்றேன்.